மலேரியா மருந்துத் தேடலில் தமிழக மூலிகைகள்

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் உள்ள கடலியல் துறை ஆய்வாளர்கள், அலையாத்தித் தாவரங்களையும் தென்னிந்திய மூலிகைகளையும் மலேரியா ஒட்டுண்ணிக்கு எதிராகச் சோதித்து, 2011, 2012 ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டனர். இவ்வகைச் சோதனையில் உலர்த்திப் பொடித்த இலையை எத்தனாலில் ஊறவைத்துச் சாறெடுப்பார்கள். மனிதச் சிவப்பணுக்களில் வளரும் பிளாஸ்மோடியம் பால்சிபாரம் கிருமியோடு அதைப் பல அளவுகளில் சேர்த்து, கிருமியின் வளர்ச்சி பாதியாகக் குறைய எத்தனை மைக்ரோகிராம் வேண்டும் என்று கணக்கிடுவார்கள். அளவு குறையக் குறைய வீரியம் கூடுதல்.

இந்தத் தேடல் தேவையானதே. ஆனால் மூலிகையின் பெயரை மட்டும் மரபிலிருந்து எடுத்துக்கொண்டு செய்முறையை விட்டுவிட்டால் அது பாதித் தேடல்தான். சீனாவின் தூ யூயூ குழுவினர் சிங்ஹாவ் செடியில் தடுமாறியபோது, நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் அதைக் காய்ச்சச் சொல்லாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன குறிப்பே வழிகாட்டியது. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்தெடுத்து 1971இல் வென்றனர். ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து பிறந்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. நம்மிடம் நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கால் பங்காக வற்றவைத்து வடிகட்டுவது. நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் அரிதாகவே கரையும். எத்தனாலில் நன்கு கரையும். ஆகவே எத்தனால் சாற்றின் முடிவு, குடிநீருக்குச் சாதகமும் அல்ல, பாதகமும் அல்ல. குடிநீரையும் அதே கிருமியோடு தனியே சோதிக்க வேண்டும்.

தூய சேர்மம் கிடைத்தால் போதும், செய்முறை எதற்கு என்று கேட்கலாம். சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட மலேரியா மருந்தான குயினைன் அந்த வாதத்துக்கு நல்ல சான்றுதான். அதற்காகவே நீலகிரி நடுவட்டத்தில் சின்கோனா பயிரிட்டார்கள். ஆனால் சின்கோனாப் பட்டைத்தூள் நோயாளிகளிடம் பலன் தந்தது குயினைனைப் பிரித்தெடுப்பதற்கு முன்பே தெரிந்திருந்தது. தலைமுறை அனுபவமே சான்று என்பாரின் வாதமும் நிற்காது. சுரம் என்ற ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கும். வைவாக்ஸ் மலேரியாவில் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். இடையில் தணிவதைக் கஷாயத்தின் பலன் என்று எண்ணிவிடுவோம். மருந்துக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் கிருமியைப் பார்ப்பதே தீர்ப்பு.

அதுவரை, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் குடிநீரை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். பால்சிபாரம் மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.