நோன்பு: உலகச் சமயங்களில் ஓர் ஒப்பீடு

நோன்பு என்பது சமயக் காரணத்துக்காக உணவையோ நீரையோ இரண்டையுமோ குறித்த காலம்வரை விலக்கி இருத்தல். இந்து, சமண, பௌத்த, யூத, கிறித்தவ, இசுலாமிய மரபுகள் அனைத்திலும் இது ஏதேனும் ஒரு வடிவில் உண்டு. சமயங்களை ஒப்பிடுவோர் வழக்கமாகக் கடவுள் ஒன்றா பலவா, மறுபிறவி உண்டா இல்லையா என்றே தொடங்குவர். அவ்வழியில் நூல்களை ஒப்பிடலாம். வாழ்க்கையை ஒப்பிடுவது கடினம். நோன்பு விதிகளோ அடுப்படிக்குள் நுழைபவை. எதை விலக்குவது, யார் நோற்க வேண்டாம், எப்படி முடிப்பது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரு சமயம் சொல்லும் விடையிலேயே உடம்பைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நீரும் பருகாமல் நோற்பது யூதருக்கும் இசுலாமியருக்கும் பொது. யூதரின் யோம் கிப்பூர் திஷ்ரி மாதம் 10ஆம் நாள் வருவது. முந்தின நாள் மாலை தொடங்கி ஏறத்தாழ 25 மணி நேரம் நீள்வது. குளிப்பது, எண்ணெய் பூசுவது, தோல் செருப்பு அணிவது, உடலுறவு ஆகியவையும் அன்று கூடா. பாவமன்னிப்புக்கான நாள் அது. எருசலேம் கோயில் இருமுறை அழிந்ததற்குத் துக்கம் காக்கும் திஷா பஆவ் நோன்பும் இதே அளவு கடுமையானது.

ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல் கடமையானது. வைகறை முதல் சூரியன் மறையும்வரை உணவும் நீரும் உடலுறவும் விலக்கு. சந்திர ஆண்டுக்கு 354 நாட்களே என்பதால் ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்கிறது. 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. யூதர்கள் 19 ஆண்டுகளில் ஏழு முறை கூடுதல் மாதம் சேர்த்துப் பருவத்தைப் பிடித்து நிறுத்துகிறார்கள். இந்துப் பஞ்சாங்கத்தின் அதிக மாதமும் அதே வேலையைச் செய்கிறது. இப்படி மாதங்களைத் தள்ளிவைப்பதைக் குர்ஆன் மறுத்தது. எனவே நீண்ட ஆயுள் உள்ள ஒரு முசுலிம் சென்னையின் மே வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் நோற்றிருப்பார். கோடையில் சூரியனே மறையாத நார்வேயின் வடகோடியில் என்ன செய்வது? மக்காவின் நேரத்தையோ அருகிலுள்ள நகரின் நேரத்தையோ பின்பற்றலாம் என்று சட்ட அறிஞர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள்.

விதி கடுமை, விலக்கு தாராளம். நோயாளிகள், பயணிகள், கர்ப்பிணிகள் பின்னொரு நாளில் ஈடுசெய்யலாம். மாதவிடாய்க் காலத்தில் நோற்கக் கூடாது. அந்நாட்களைப் பிறகு நோற்க வேண்டும். ஒருபோதும் நோற்க இயலாதவர் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். யூதச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: உயிருக்கு ஆபத்து என்றால் யோம் கிப்பூரிலும் உண்பது சலுகையன்று, கடமை.

கிறித்தவம் நேரத்தைவிட உணவின் வகையைக் கவனித்தது. தொடக்கக் காலக் கையேடான திதாக்கே, மற்றவர்கள் திங்களும் வியாழனும் நோற்பதால் நீங்கள் புதனும் வெள்ளியும் நோற்பீர் என்கிறது. பக்தியைவிட அடையாளம் முந்திக்கொண்ட இடம் இது என்றே தோன்றுகிறது. கீழைத் திருச்சபைகள் அந்த இரு நாட்களையும் இன்றுவரை காக்கின்றன. இறைச்சி, முட்டை, பால்பொருள் எதுவும் கிடையாது. எத்தியோப்பியாவில் இத்தகைய நாட்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஏறக்குறைய பாதியை எட்டும். கத்தோலிக்கர் 1966ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களில் மட்டுமே கட்டாய ஒருசந்தி இருக்கிறார்கள். 18 முதல் 59 வயதுவரையே அந்தக் கட்டாயமும். சீர்திருத்தக் கிறித்தவம் சுவிட்சர்லாந்தில் வெடித்ததே நோன்பால்தான்: 1522இல் சூரிச்சில் அச்சுத் தொழிலாளர்கள் தவக்காலத்தில் தொத்திறைச்சி உண்டனர். உடனிருந்த பாதிரியார் சுவிங்லி தாம் உண்ணவில்லை. ஆனால் உண்டவர்களை ஆதரித்துப் பிரசங்கம் செய்தார்.

இந்து மரபில் எல்லாருக்கும் ஒரே விதி என்பது இல்லை. ஏகாதசி வைணவருக்கு, சிவராத்திரி சைவருக்கு, கந்த சஷ்டி முருகனடியாருக்கு. ஒருவர் பட்டினி கிடப்பார், ஒருவர் பாலும் பழமும் கொள்வார், ஒருவர் அரிசியை மட்டும் தவிர்த்துப் பலகாரம் உண்பார்; மூவரும் விரதம் இருந்தவர்களே. முடிப்பதற்குத்தான் கண்டிப்பு அதிகம். துவாதசியில் உரிய நேரத்தில் பாரணை செய்யாவிட்டால் ஏகாதசியின் பலன் இல்லை. தமிழ் வைணவ வீடுகளில் அன்று அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் கட்டாயம். கணவன் நலத்துக்காக மனைவி நோற்கும் விரதங்கள் பல. மனைவி நலத்துக்காகக் கணவன் நோற்பவற்றைத் தேடத்தான் வேண்டும்.

பௌத்தத் துறவி நண்பகலுக்குப் பின் உண்பதில்லை; இல்லறத்தார் இலங்கையில் முழுநிலவு நாளான போயா அன்று எட்டுச் சீலம் எடுத்து அதையே கடைப்பிடிக்கிறார்கள். சீக்கியம் நோன்பை ஏற்பதில்லை. அங்கே முதலிடம் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் லங்கருக்கு.

நோன்பை விதித்த மரபுகளுக்குள்ளேயே அதை எதிர்த்த குரலும் இருக்கிறது. பசித்தவனுக்கு உணவளிக்காத நோன்பு நோன்பாகாது என்று இடித்துரைக்கும் ஏசாயா 58ஆம் அதிகாரத்தை யூதர்கள் யோம் கிப்பூர் அன்றே தொழுகைக்கூடத்தில் வாசிக்கிறார்கள். நோற்பது வெளியே தெரியாதபடி முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொன்னார் இயேசு. மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் இல்லை என்கிறது கீதை. எலும்பு தெரிய வற்றிய தவத்தைக் கைவிட்டு, சுஜாதை தந்த பாற்சோற்றை உண்ட பிறகே புத்தர் ஞானம் பெற்றார். அந்த வற்றிய உருவைக் காட்டும் காந்தாரச் சிலை லாகூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன் பசியைப் பொறுப்பதினும் பிறர் பசியைத் தீர்ப்பது பெரிது என்று குறளும் தரவரிசை இட்டிருக்கிறது. நோன்பு முடியும் இடத்தில் கொடை நிற்பதும் இதனாலேயே: பெருநாள் தொழுகைக்கு முன்பே முசுலிம்கள் ஃபித்ரா கொடுத்தாக வேண்டும்.

எதிர்த் திசையில் வெகுதூரம் சென்றது சமணம். அங்கே உண்ணாமை வினையை உதிர்க்கும் வழி. உபவாச நாளில் காய்ச்சி ஆறிய நீரைப் பகலில் மட்டும் பருகலாம். அதையும் விடுபவர் உண்டு. ஆண்டு முழுதும் ஒன்றுவிட்டு ஒரு நாள் நோற்று, அட்சய திருதியை அன்று கரும்புச் சாற்றில் முடிக்கும் வர்ஷிதபம் முதல் தீர்த்தங்கரரான ரிஷபரின் நினைவாக நடப்பது. இதன் எல்லை, உணவைப் படிப்படியாகக் குறைத்து உயிர் நீக்கும் சல்லேகனை. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றத்தில், 57 நாட்கள் உண்ணாதிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற ஆசிரியரைப் பற்றிய பழந்தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சங்க காலக் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும் இதைப் போன்றதே. ஆனால் அவனைத் தூண்டியது மகன்களோடு எழுந்த பகை. சல்லேகனை தற்கொலையே, குற்றமே என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டு 10 அன்று தீர்ப்பளித்தது. சமணர்கள் பல நகரங்களில் மௌன ஊர்வலம் சென்றனர். அதே மாதம் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.