யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: பௌஹவுஸ் நெசவுப் பட்டறை, 1919–1931

எங்கள் அலுவலகத்தின் டிசைன் டீமில் ‘பியர் கோச்சிங்’ தொடங்கப்போவதாகச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீட்டிங்கில் அறிவித்தார்கள். மேலாளர் சொல்லித்தருவதற்குப் பதிலாக, ஒரே படியில் இருப்பவர்கள் இருவர் இருவராகச் சேர வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் ஒருவர் வேலையை மற்றவர் பார்க்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், தெரிந்ததைச் சொல்லித்தர வேண்டும். நல்ல யோசனைதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி என் காதருகே, “இதைத்தானேடி நாலு வருஷமா கேன்டீன்ல பண்ணிட்டிருக்கோம்?” என்றாள். உண்மை. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கோப்புகள் எங்கே இருக்கின்றன, எந்த வாடிக்கையாளரிடம் எதை எப்படிச் சொல்ல வேண்டும், ரிவ்யூவில் குறுக்கே பேசுகிறவரை எப்படி நிறுத்துவது என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது கேன்டீன் மேசைதான். தோழி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இந்த ஒரு மணி நேரம் அப்ரைசல்ல சேருமா?” அதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை.

இது நூறு வருடப் பழைய கேள்வி. இந்தக் கட்டுரை அந்தப் பழைய கேள்வியைப் பற்றியது. நவீன வடிவமைப்பு என்றாலே எல்லோரும் கைகாட்டும் ஜெர்மன் பள்ளியான பௌஹவுஸில், நெசவுப் பட்டறையின் பெண்கள் எப்படித் தங்களுக்குத் தாங்களே ஆசிரியர்கள் ஆனார்கள், அதற்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லப் பார்க்கிறேன்.

1919 ஏப்ரலில் வைமார் நகரில் வால்டர் கிரோப்பியஸ் பௌஹவுஸைத் தொடங்கினார். வயது, பால் வேறுபாடின்றி எவரும் சேரலாம் என்றது அறிக்கை. ஜெர்மானியப் பெண்களுக்கு அப்போதுதான் வாக்குரிமை கிடைத்திருந்தது. கலைக்கல்விக்கூடங்களின் கதவுகள் அதுவரை அவர்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தன. அறிக்கையைப் படித்த பெண்கள் அதை நம்பி வந்தார்கள். முதல் பருவத்தில் ஆண்கள் 79 பேர், பெண்கள் 84 பேர். மாணவர்களிடம் பேசிய கிரோப்பியஸ், இங்கே ஆண் பெண் என்ற வேறுபாடு கிடையாது, முழுச் சமத்துவம்தான் என்று உறுதியளித்தார்.

எண்ணிக்கையைப் பார்த்ததும் அந்த உறுதி ஆட்டம் கண்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே, சேர்க்கையைக் கடுமையாக்க வேண்டும், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், அவர்கள் ஏற்கெனவே அளவுக்கு அதிகமாக இருக்கிறார்கள் என்று ஆசிரியர் குழுவிடம் அவர் கூறினார். பெண்கள் மலிந்துவிட்டால் பள்ளியைக் ‘கைவினை வகுப்பு’ என்று கேலிசெய்வார்கள் என்ற பயம் அவருக்கு. மரம், உலோகம், கண்ணாடி, சுவர் ஓவியம் என்று பட்டறைகள் பல இருந்தும், வந்த பெண்களில் பெரும்பாலோர் ஒரே கதவை நோக்கித் திருப்பப்பட்டார்கள். அந்தக் கதவு நெசவு.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். 1920இல் ‘பெண்கள் வகுப்பு’ என்று தனியாக ஒன்று உருவானதில் பெண்களுக்கே பங்கு இருந்தது. அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் குன்டா ஸ்டோல்ஸல். 1897இல் மியூனிக்கில் பிறந்தவர், முதல் உலகப்போரில் செஞ்சிலுவைச் சங்கச் செவிலியாகப் பணிபுரிந்தவர், 1919இல் பௌஹவுஸுக்கு வந்தவர். நமக்கென்று ஓர் இடம் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம் என்று அவர்கள் நினைத்ததில் தவறொன்றும் இல்லை. நாம் கேட்டு வாங்கிய தனி அறையே பிறகு நம்மை அடைத்துவைக்கும் அறையாகிவிடுவது, பெண்கள் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கிற கதை. அந்த வகுப்பு விரைவிலேயே நெசவுப் பட்டறையோடு கலந்துவிட்டது.

பட்டறையில் யார் கற்றுக்கொடுத்தார்கள்? பௌஹவுஸ் முறைப்படி ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் வடிவத்துக்கு. அவர் ஓவியராக இருப்பார். மற்றவர் தொழிலுக்கு. அவர் கைவினைஞர். நெசவின் தொழில் ஆசிரியை ஹெலெனெ போர்னர். அதே வளாகத்தில் முன்பு இயங்கிய, ஹென்றி வான் டி வெல்டே நடத்திய பள்ளியில் கற்பித்தவர். அந்தத் தறிகளே அவருடைய சொந்தச் சொத்து. பள்ளி அவரிடமிருந்து அவற்றைப் பெற்றுத்தான் பட்டறையை நடத்தியது. பூத்தையல், பின்னல், எளிய நெசவு ஆகியவற்றில் அவர் தேர்ந்தவர். சிக்கலான பாவு அமைப்பு, சாயத்தொழில் போன்றவை அவருடைய பழக்கத்துக்கு வெளியே இருந்தன. வடிவ ஆசிரியராக 1921இல் பொறுப்பேற்றவர் கியோர்க் மூகே என்ற ஓவியர். தன் வாழ்நாளில் தன் கையால் ஒரு நூலைக்கூட நெய்வதில்லை, ஒரு முடிச்சுகூடப் போடுவதில்லை என்று தனக்குத் தானே சபதம் செய்துகொண்டதாக அவரே பின்னாளில் பெருமையோடு நினைவுகூர்ந்தார். சபதத்தைக் காப்பாற்றவும் செய்தார். தறியில் உட்காராத ஒருவர் தறிக்கூடத்துக்குத் தலைவர்!

நம் ஊர்க் கைத்தறிக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ வழக்கமாகத் தறியில் உட்காருபவர் ஆண். நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் பாவுக்கு உதவுவதும் பெண்கள். ‘நெசவாளர்’ என்ற பெயர் பெரும்பாலும் ஆணுக்கே போகும். வைமாரில் தறி பெண்ணுடையது என்று ஒதுக்கப்பட்டது. வேலை எது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. தலைமையும் பெயரும் யாருக்கு என்பது மட்டும் மாறுவதில்லை.

தெரிந்தவர் யாரும் இல்லாத பட்டறையில் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். முதலில் தறிகளிலேயே தப்புத் தப்பாக முயன்று பார்த்தார்கள். பாவு அறுந்தது, இழை தளர்ந்தது, அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். ஒருத்தி கண்டுபிடித்தது அடுத்தவளுக்குப் போயிற்று. எல்லாவற்றையும் தாங்களாகவே முயன்றுதான் கற்க வேண்டியிருந்தது என்று ஸ்டோல்ஸல் பின்னாளில் எழுதினார். ஆனால் முட்டிமோதிக் கற்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பது அவர்களுக்கு விரைவிலேயே புரிந்துவிட்டது. சாயம் போடுவது ரசாயனம். அதை ஊகித்துக் கற்க முடியாது.

1922இல் ஸ்டோல்ஸலும் பெனிட்டா ஓட்டேயும் கிரேஃபெல்டுக்குப் புறப்பட்டார்கள். ரைன் ஆற்றுப் பக்கத்தில் பட்டுத்தொழிலுக்குப் பெயர்போன ஊர் அது. அங்கே சாயத்தொழில் பள்ளியில் பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, வைமாரில் கிடப்பில் கிடந்த சாயக்கூடத்துக்கு உயிர்கொடுத்தார்கள். 1924இல் அதே ஊருக்கு மறுபடி போனார்கள். இம்முறை பட்டு நெசவுப் பள்ளியில் கட்டமைப்பு, பாவு கணக்கு, பொருள் இயல் எல்லாம் படித்தார்கள். இரண்டு முறையும் கற்றதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்ததும் பட்டறையில் இருந்த மற்ற பெண்களுக்கு அதைக் கொடுத்தார்கள். இருவர் போய்க் கற்று வந்தால் பத்துப் பேர் கற்றதாகும் என்ற ஏற்பாடு. இன்று நிறுவனங்கள் ஸ்லைடு போட்டு விளக்குகிற முறை இதுவேதான்.

அப்படிக் கற்றவர்களில் ஒருவர் அன்னி ஃப்ளைஷ்மன், பிறகு அன்னி ஆல்பர்ஸ். 1922இல் பௌஹவுஸுக்கு வந்தார். கண்ணாடிப் பட்டறைக்குப் போக ஆசைப்பட்டார், கிடைக்கவில்லை. நெசவு அவருக்குப் பிடிக்கவில்லை, மிகப் பெண்மைத்தனமான வேலை என்று முகம் சுளித்தார். நூல் அவரை மெல்ல வென்றது. 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி நடத்திய முதல் நெசவுக் கலைஞர் அவர்தான். 1965இல் நெசவைப் பற்றி எழுதிய நூலைப் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களைத் தன் ஆசிரியர்களாகக் குறிப்பிட்டு அவர்களுக்குக் காணிக்கையாக்கினார். அழகான செயல். அந்த வரியில் பக்கத்துத் தறியில் இருந்தவர்கள் இல்லையே என்று எனக்குள் ஒரு சிறு குறை உண்டு. கூடவே இருந்து கற்றுக்கொடுத்தவர்களை ஆசிரியர் என்று அழைக்க நமக்கு ஏனோ நா எழுவதில்லை.

சகாக்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பது எல்லாப் பட்டறைகளிலும் இப்படி இனிமையாக நடந்ததென்று நினைக்க வேண்டாம். உலோகப் பட்டறைக்குள் நுழைந்த மரியானே பிராண்டை அங்கிருந்த ஆண்கள் எப்படி வரவேற்றார்கள் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். சலிப்பூட்டும் வேலைகளையெல்லாம் தேடிப்பிடித்து அவர் தலையில் கட்டினார்கள். எத்தனையோ சின்னஞ்சிறு அரைக்கோளங்களை அடித்து வார்த்தெடுத்த பிறகுதான் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றார்கள். சக மாணவர் என்பதாலேயே ஒருவர் சமமானவர் ஆகிவிடுவதில்லை.

1925இல் பள்ளி டெஸ்ஸாவுக்கு இடம்பெயர்ந்தது. போர்னர் போகவில்லை. ஸ்டோல்ஸல் தொழில் ஆசிரியையாக நியமிக்கப்பட்டார். வேலை முழுக்க அவர் கையில், தலைமை இன்னும் மூகே கையில். எட்டுப் பருவங்கள் கொண்ட முறையான பாடத்திட்டத்தை ஸ்டோல்ஸல் உருவாக்கினார். பொருளறிவு, கட்டமைப்பு, சாயம், கணக்கு, தொழிற்சாலைக்கான மாதிரித் துணி என்று அது விரிந்தது. கேன்டீன் மேசைப் பேச்சு பாடத்திட்டமான கணம் என்று அதைச் சொல்லலாம். இதற்கிடையில் மூகே, நெய்கிறவர்களைக் கலந்து பேசாமல் விலையுயர்ந்த ஜக்கார்டு தறிகளை வாங்கினார். பெண்கள் வெகுண்டார்கள். மனக்கசப்பு வெளிப்படையான கிளர்ச்சியாயிற்று. இவர் வேண்டாம், எங்களுக்குக் கற்றுத்தருபவரே எங்களுக்குத் தலைவியாக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 1927இல் மூகே விலகினார். ஸ்டோல்ஸல் பட்டறையின் தலைவியானார். பௌஹவுஸில் மாஸ்டர் நிலைக்கு உயர்ந்த முதல் பெண் அவர்.

ஆனால் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். அதே நிலையில் இருந்த ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். பேராசிரியர் பட்டம் இல்லை. ஓய்வூதிய உரிமை இல்லை. ஸ்டோல்ஸல் வாய் மூடி இருக்கவில்லை, எழுத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். பள்ளிக்கு வருமானம் ஈட்டித்தந்த பட்டறைகளில் நெசவு முன்வரிசையில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். 1930இல் பெர்லின் நிறுவனமொன்று அவர்கள் வடிவமைத்த துணிகளைத் தயாரித்து விற்க ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டு அன்னி ஆல்பர்ஸ் தன் பட்டயத்துக்காக, பெர்னாவ் தொழிற்சங்கப் பள்ளி அரங்கத்துக்கு ஒரு சுவர்த்துணி நெய்தார். ஒரு பக்கம் செலஃபேன் ஒளியைத் திருப்பும், மறுபக்கம் ஒலியை உறிஞ்சும். ‘பெண்கள் வகுப்பு’ பத்தாண்டில் வந்து சேர்ந்த இடம் அது.

1929இல் ஸ்டோல்ஸல், பாலஸ்தீனத்திலிருந்து வந்து அங்கே படித்த யூதக் கட்டடக்கலை மாணவர் ஆரியே ஷரோனை மணந்தார். அதனால் ஜெர்மன் குடியுரிமையை இழந்தார். அந்த ஆண்டே மகள் யாயேல் பிறந்தாள். நகரத்தில் நாஜிகளின் கை ஓங்கிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக் கதவில் ஸ்வஸ்திகா வரையப்பட்டது. பட்டறைக்குள்ளிருந்தும் சில மாணவர்கள் அவருக்கு எதிராகப் புகார் கிளப்பினார்கள். ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்த கூட்டம் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவும் முடியும் என்பதை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிட எனக்கு மனமில்லை. 1931இல் அவர் பணியை விட்டு வெளியேறி ஸூரிச் போனார். அங்கே பௌஹவுஸ் தோழர்கள் இருவரோடு சேர்ந்து கைத்தறிப் பட்டறை தொடங்கினார்.

அதன்பின் பட்டறையின் பாரத்தைச் சுமந்தவர் ஓட்டி பெர்கர். இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்மாயெவாட்ஸில் 1898இல் பிறந்தவர். காது சரியாகக் கேளாதவர். துணியைக் கண்ணால் மட்டுமல்ல, விரல்களால் அறிய வேண்டும் என்று எழுதியவர். கற்பித்தது அவர். தலைவி என்ற பெயர் 1932இல் லில்லி ரைஷுக்குப் போயிற்று. நெசவு அறியாத வடிவமைப்பாளர் ஒருவர் மறுபடி மேலே. இம்முறை அவர் பெண் என்பது மட்டும் வேறுபாடு.

பெர்கர் இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டார். பெர்லினில் தனியாக வேலை செய்யத் தொடங்கியபோது, தன் துணிகள் தன் பெயரில்தான் வெளிவர வேண்டும் என்று உற்பத்தியாளர்களோடு மல்லுக்கு நின்றார். தன் நெசவுக் கண்டுபிடிப்புக்கு 1934இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். துணி வடிவமைப்பில் அன்றைக்கு அது அபூர்வம். யூதர் என்பதால் 1936இல் அவர் தொழில் செய்யத் தடை வந்தது. 1937இல் இங்கிலாந்து போனார். மொழியும் காதும் கைகொடுக்கவில்லை. மறு ஆண்டு, நோயுற்ற தாயைப் பார்க்கச் சொந்த ஊர் திரும்பினார். சிகாகோவில் பழைய பௌஹவுஸ் நண்பர்கள் தொடங்கிய பள்ளியில் வேலை காத்திருந்தது, விசா வரவில்லை. 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

அவருடைய துணிமாதிரிகள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, உள்ளங்கை அளவுத் துண்டுகளாக.