பையனுக்கு எடை போட்டாச்சு, பள்ளிக்கூடத்துக்கு?

தேர்தல் வந்தா போதும், 'கோதாவில் குதித்தார்'னு ஒரு தலைப்பு எல்லா பேப்பர்லயும் வந்துடும். கோதான்னா குஸ்தி போடற மண்தரை. குஸ்தி, பயில்வான், வஸ்தாது, பஸ்கின்னு மல்யுத்தத்தை ஒட்டின வார்த்தைகள் நிறைய வடக்கேயிருந்து வந்தவைதான். மராட்டியர் 1676-லேருந்து 1855 வரைக்கும் ஆண்ட தஞ்சாவூர்க்காரங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் புதுசில்ல.

ஆனா இந்தப் பதிவு குஸ்தி பிடிகளைப் பத்தினது இல்லீங்க. யாரை யாரோட மோத விடறது நியாயம்கற கேள்வியைப் பத்தினது. கேட்கறதுக்கு சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அதுதான் பெரிய விஷயம்.

முதல்ல நம்ம சோழநாட்டுக் கதையிலேருந்து ஆரம்பிப்போம். புறநானூற்றுல போரவைக் கோப்பெருநற்கிள்ளின்னு ஒரு சோழன் வர்றான். உறையூர்த் தித்தனோட மகன். அப்பாவோட மனஸ்தாபம், ஊரை விட்டு வந்துட்டான். வந்த இடத்துல ஆமூர் மல்லனோட மல்யுத்தம். சாத்தந்தையார் அந்தச் சண்டையைப் பாடி, இதை அவங்கப்பா தித்தன் பார்க்கணும்னு ஆதங்கப்படறார். நக்கண்ணையார் பாட்டுல, ஜெயிக்கறது இவன்தான்னு சிலரும் இல்லைன்னு சிலருமா ஊரே ரெண்டு கட்சியா நிக்குது. இன்னிக்கு டீக்கடை பெஞ்சுல நடக்கற அதே வாக்குவாதம்தான் :-)

கவனிக்க வேண்டியது என்னன்னா, அங்க எடைப் பிரிவு கிடையாது, வயசுப் பிரிவு கிடையாது. ஒருத்தன் ராஜா வீட்டுப் பிள்ளை, இன்னொருத்தன் ஊர் மல்லன். இறங்கினா இறங்கினதுதான். மல்லன் உயிரோட திரும்பல.

மல்லர்களை வகை பிரிக்கிற யோசனையும் இங்க பழசுதான். மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 1130 வாக்குல எழுதின மானசோல்லாசம்கற சமஸ்கிருத நூல்ல 'மல்ல வினோதம்'னு ஒரு பகுதியே இருக்கு. வயசு, உடம்பு அளவு, பலம் இதையெல்லாம் வச்சு மல்லர்களைத் தரம் பிரிக்கிறார். அதே சமயம் கங்கைகொண்ட சோழபுரத்துல நம்ம விக்கிரம சோழன் (1118-1135) ஆட்சி. ரெண்டு பேருக்கும் ஆகாது. ஆனா அந்த நூலைப் பார்த்தா, எதிராளி பரவாயில்லைங்க, விஷயம் தெரிஞ்சவர்தான்னு ஒத்துக்கத் தோணுது.

ஐரோப்பாக்காரங்க இதை ரொம்ப லேட்டா செஞ்சாங்க. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்ல மல்யுத்தத்துக்கு எடைப் பிரிவே இல்லை. எல்லாருக்கும் ஒரே போட்டி. ஜெயிச்சவர் ஜெர்மனியோட கார்ல் ஷூமன், ஆள் குள்ளம்! ஜிம்னாஸ்டிக்ஸ்லயும் மெடல் வாங்கினவர். ஆனா எப்பவுமே ஷூமன் கிடைப்பாரா? 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்ல ஏழு எடைப் பிரிவு கொண்டுவந்தாங்க. அந்தப் பிரிவுகள் இல்லேன்னா 1952 ஹெல்சிங்கியில 57 கிலோ பிரிவுல வெண்கலம் வாங்கின கே.டி. ஜாதவ் நமக்குக் கிடைச்சிருக்க மாட்டார். சுதந்திர இந்தியாவோட முதல் தனிநபர் ஒலிம்பிக் மெடல் அது.

எடைப் பிரிவுக்கும் ஒரு கொடூரம் உண்டு. 2024 பாரிஸ்ல 50 கிலோ இறுதிப் போட்டி அன்னிக்குக் காலையில வினேஷ் போகத் 100 கிராம் கூட இருந்தாங்கன்னு வெளியேத்தினது மறக்குமா? அமெரிக்காவுல 1997 நவம்பர், டிசம்பர்ல மட்டும் மூணு கல்லூரிப் பசங்க எடை குறைக்கறேன்னு தண்ணி குடிக்காம வேர்வை சிந்தியே செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் அங்க விதிகளைக் கடுமையாக்கினாங்க.

நம்ம டெல்டாவுல மல்யுத்தத்தை விட கபடிதான் ராஜா. கோடையில ஆத்துல தண்ணி இல்லாதப்ப மணல்ல கோடு கிழிச்சா ஆட்டம் ஆரம்பம். ஊர்ல ஒட்டற கபடி போஸ்டரைப் பாருங்க, '55 கிலோ எடைப் பிரிவு', '60 கிலோ எடைப் பிரிவு'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். பந்தல்ல எடை மிஷின். முதல் நாள் ராத்திரியிலேருந்து பட்டினி கிடந்து, காலையில நாலு ரவுண்டு ஓடிட்டு வந்து அதுமேல ஏறுவாங்க. ஆக, உடம்பை எடை போட்டுப் பிரிக்கணும்கறது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

சரி, பையனை எடை போட்டாச்சு. அவன் படிக்கிற பள்ளிக்கூடத்தை?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது அமெரிக்காவுல இருக்கற அக்கா பையன் மூலமா. ஸ்கூல் மல்யுத்த டீம்ல சேர்ந்திருக்கான். போன்ல பேசறப்ப "எங்க ஸ்கூல் டூ-ஏ மாமா"ன்னான். என்னடா இது பஸ் நம்பர் மாதிரின்னு கேட்டா, அங்க பள்ளிகளையே தலைக்கணக்கு வச்சுப் பிரிப்பாங்களாம். மேல் வகுப்புகள்ல எத்தனை பேர்னு எண்ணி, பள்ளிகளை வரிசைப்படுத்தி, ரெண்டோ மூணோ நாலோ பிரிவாக்கி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி மாநில சாம்பியன். எத்தனை பிரிவுங்கறதை அந்தந்த மாநிலச் சங்கம் முடிவு பண்ணும். மல்யுத்தத்துக்குப் பேர் போன பென்சில்வேனியாவுல பள்ளி மல்யுத்தத்துக்கு மாநிலப் போட்டி 1938-ல ஆரம்பிச்சது. 1974-லதான் பெரிய பள்ளி, சின்னப் பள்ளின்னு ரெண்டாப் பிரிச்சாங்க.

ஆளுக்குத்தான் எடைப் பிரிவு இருக்கே, 50 கிலோ பையன் 50 கிலோ பையனோட மோதறான். அவன் ஸ்கூல்ல 200 பேர் இருந்தா என்ன, 2000 பேர் இருந்தா என்ன? எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா டீம் போட்டியோட கணக்கைப் போட்டுப் பாருங்க.

அங்க ரொம்ப காலமா இருந்த முறைப்படி ரெண்டு பள்ளி மோதினா 14 எடைக்கு 14 சண்டை. பாயிண்ட்ல ஜெயிச்சா டீமுக்கு 3. எதிராளியோட முதுகைத் தரையில அழுத்தி ஜெயிச்சா 6. ஒரு எடைக்கு உங்ககிட்ட ஆளே இல்லேன்னா, எதிர் டீமுக்குச் சும்மாவே 6. இப்ப ஒரு சின்னப் பள்ளியில 9 பேர்தான் தேறினாங்கன்னு வச்சுக்குவோம். அந்த 9 பேரும் பாயிண்ட்ல ஜெயிச்சுட்டாங்க. 27. காலியா விட்ட 5 எடைக்கு எதிர் டீமுக்கு 30. பாயில இறங்கின ஒருத்தன் கூட தோக்கல, ஆனா பள்ளிக்கூடம் தோத்துப் போச்சு!

இதுதாங்க விஷயம். தனி ஆளுக்கு எடைப் பிரிவு போதும். பள்ளிக்கூடம்னு ஒரு கேடயம் வைக்கிறப்போ அது பத்தாது, அங்க தலைக்கணக்கு உள்ள நுழைஞ்சுடுது. அதனாலதான் நியூ ஜெர்சியில டீம் போட்டிக்குப் பள்ளி அளவுப்படி பிரிவு, தனிநபர் போட்டிக்கு மாநிலம் முழுக்க ஒரே கோதா. கலிஃபோர்னியா, இண்டியானாவுலயும் தனிநபருக்கு ஒரே மாநில சாம்பியன்தான்.

இண்டியானான்னதும் இன்னொரு கதை. அங்க கூடைப்பந்து ஒரு மதம் மாதிரி. 1954-ல மைலன்னு ஒரு குட்டி ஊர்ப் பள்ளி, மொத்தமே 161 பிள்ளைங்க, தன்னை மாதிரி பத்து மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை 32-30ன்னு ஜெயிச்சு மாநில சாம்பியன் ஆச்சு. கடைசி நொடிகள்ல பாபி பிளம்ப் போட்ட பந்து. அந்தக் கதையை வச்சு 1986-ல சினிமாவே எடுத்தாங்க. 'பார்த்தியா, ஒரே போட்டியா வச்சாதான் இப்படி ஒரு அதிசயம் நடக்கும்'னு ஒரு கட்சி. 'நாப்பது வருஷத்துல எத்தனை மைலன் வந்துச்சு?'ன்னு இன்னொரு கட்சி. கடைசியில 1997-ஓட ஒரே போட்டி முறை முடிஞ்சு, அடுத்த வருஷத்திலேருந்து நாலு பிரிவு, நாலு சாம்பியன். பார்க்க வர்ற கூட்டம் குறைஞ்சு போச்சு. இன்னிக்கும் அந்தச் சண்டை ஓயல.

அதே 1997-ல நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? திருவாரூர் தனி மாவட்டம் ஆச்சு. அதுக்கு முன்னாடி 1991-ல நாகப்பட்டினம் பிரிஞ்சிருந்தது. 2020-ல நாகையிலேருந்து மயிலாடுதுறை. ஒண்ணா இருந்த தஞ்சை ஜில்லாவுல ஒரு மாவட்ட சாம்பியன்தான். இப்ப அதே மண்ணுல நாலு பேர். அங்க தலையை எண்ணிப் பிரிச்சாங்க, நம்ம ஊர்ல வரப்பு போட்டுப் பிரிச்சோம். யாரும் விளையாட்டை நினைச்சு மாவட்டத்தைப் பிரிக்கல, ஆனா விளையாட்டுக்கும் அது வந்து சேர்ந்துச்சு.

நம்ம பள்ளிப் போட்டி முறை தெரியுமில்லையா? குறுவட்டம், மாவட்டம்னு படிப்படியா மாநிலம் வரைக்கும். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி எல்லாம் இந்த ஏணியிலதான் ஏறணும். பிரிவு வயசை வச்சு: 14, 17, 19. மல்யுத்தம், ஜூடோ மாதிரி விளையாட்டுக்குக் கூடவே எடை. தேசிய அளவுல, 1954-ல ஆரம்பிச்ச இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தற போட்டிக்குப் போயிட்டா பள்ளிக்கூடம்கற பேரே பின்னால போயிடும். அங்க பையன் 'தமிழ்நாடு' பனியன்ல நிப்பான். அதனால பள்ளியோட அளவு என்னங்கற கேள்வி மேல் மட்டத்துல யாருக்கும் எழல. அது கீழே, குறுவட்டத்துலதான் உறுத்தும்.

குறுவட்டத்துல அதிகப் புள்ளி எடுத்த பள்ளிக்கு 'ஒட்டுமொத்த சாம்பியன்' கேடயம்னு ஒண்ணு கொடுப்பாங்க. இங்கதான் ஒரு பழைய விஷயம் வேலை செய்யுது. 1978-ல தமிழ்நாட்டுல பிளஸ் டூ வந்துச்சு. அதுவரைக்கும் 11 வருஷப் படிப்பு, எஸ்.எஸ்.எல்.சி.யோட எல்லா உயர்நிலைப் பள்ளியும் ஒரே இடத்துலதான் முடியும். பிளஸ் டூ வந்ததும் பள்ளிக்கூடம் ரெண்டு சாதியாப் பிரிஞ்சுது: பத்தாவதோட நிக்கற உயர்நிலை, பன்னிரண்டு வரை போற மேல்நிலை. கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில பதினஞ்சு, பதினாறு வயசுலயே பிள்ளைங்க வெளியே போயிடறாங்க. 19 வயசுப் பிரிவுக்கு அனுப்ப அவங்ககிட்ட ஆள் ஏது? அந்தப் புள்ளியெல்லாம் மைதானத்துல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே போச்சு. அமெரிக்கச் சின்னப் பள்ளி காலியா விட்ட அந்த 5 எடை மாதிரியேதான்.

250 பிள்ளைங்க, ஒரே ஒரு பி.டி. மாஸ்டர், ஐப்பசி மழையில வயலா மாறிடற மைதானம் ஒரு பக்கம். 2500 பேர், மூணு மாஸ்டர், தனி கபடி டீம், தனி வாலிபால் டீம்னு கும்பகோணம், தஞ்சாவூர் மாதிரி டவுன் பள்ளிக்கூடம் இன்னொரு பக்கம். டவுன் பள்ளிக்கூடத்து மேல தப்பு சொல்லல. அவங்க பசங்களும் உழைச்சுத்தான் ஜெயிக்கறாங்க. ஆனா அந்தக் கேடயம் யாருக்குன்னு ஜூன் மாச அட்மிஷன்லயே முடிவாயிடுதே!

தலைக்கணக்கு மட்டும் போதுமான்னும் கேட்கலாம். இல்லினாய் மாநிலத்துல 2005-ல ஒரு வேடிக்கையான விதி கொண்டுவந்தாங்க. தனியார் பள்ளிகள் எங்கிருந்து வேணும்னாலும் பிள்ளைகளைச் சேர்த்துக்க முடியுது, அதனால அவங்க தலைக்கணக்கை 1.65-ஆல பெருக்கித்தான் பிரிவை முடிவு பண்ணணும்னு. அதாவது ஒரு பிள்ளை ஒண்ணேமுக்காலே சொச்சம் பிள்ளைக்குக் கொஞ்சம் கம்மி :-) சிரிப்பு வருது இல்ல? ஆனா நாமளும் அப்படி யோசிச்சிருக்கோம். 2020-ல மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு கொடுத்தோமே, அது என்ன? பிள்ளையோட மார்க்கை மட்டும் பார்க்காதே, அது எந்தப் பள்ளியிலேருந்து வருதுன்னும் பாருங்கறதுதானே? பரீட்சைக்குச் செஞ்சதை மைதானத்துக்குச் செய்யக் கூடாதா?

என் அபிப்பிராயம் இதுதான். தனிநபர் போட்டியில கை வைக்க வேண்டாம். திருவையாறு பக்கத்துக் கிராமத்துப் பொண்ணு 46 கிலோவுல சென்னைப் பொண்ணை மாநிலப் போட்டியில வீழ்த்தினா, அது ஒரே கோதாவா இருந்தாதான் பெருமை. 'சின்னப் பள்ளிப் பிரிவுல ஜெயிச்சா'ன்னு அதுல ஒரு அடைமொழி ஒட்டக் கூடாது. ஆனா குறுவட்டத்துல பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கற கேடயம் மட்டும் ரெண்டா இருக்கட்டும், தலைக்கணக்குப்படி. கணக்கெடுக்கக் கூட அலைய வேண்டாம், எல்லாப் பள்ளியோட எண்ணிக்கையும் எமிஸ்ல ஏற்கெனவே இருக்கு. ஆகற செலவு ஒரு கேடயம்.

அப்படி ஒதுக்கிட்டா சின்னப் பள்ளி எப்பவும் சின்னப் பள்ளியாவே நின்னுடாதான்னு சிலர் சொல்லலாம். நியாயமான பயம்தான். ஆனா ஒரு தடவை கூட பிரேயர்ல கேடயத்தைத் தூக்கிக் காட்டாத பள்ளிக்கூடத்துல, அடுத்த வருஷம் டீம்ல சேர்றேன்னு பேர் கொடுக்க எத்தனை பசங்க வருவாங்க? அந்த ஒரு கேடயத்தைப் பார்த்துட்டு ஆறாங்கிளாஸ்ல ஒருத்தன் கை தூக்கினாலும் போதும்.

உங்க ஊர்க் குறுவட்டத்துல கேடயம் யார்கிட்ட போகுதுன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்.