வாசிக்கப்படாத குழல்

பழைய இசைக்கருவியொன்று விலைக்கு வரும்போது விற்பவர் தவறாமல் சொல்லும் சொற்றொடர் ஒன்று உண்டு: ‘நன்கு பாதுகாக்கப்பட்டது.’ நூறாண்டுப் பழைமையுள்ள சோப்ரானோ சாக்ஸஃபோனைக் குறித்து இவ்வாறு சொல்லப்படும்போது, மகிழ்வதற்கு முன் வாங்குபவர் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்வது நல்லது. விரல்பட்டுத் தேய்ந்திருக்க வேண்டிய வெள்ளிப்பூச்சு ஏன் தேயாமல் இருக்கிறது? பெரும்பாலும் விடை ஒன்றுதான்: அதை எவரும் வாசிக்கவில்லை. ஏன் வாசிக்கவில்லை என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

சாக்ஸஃபோன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கத்ரி கோபால்நாத்தின் கையில் வளைந்து தொங்கிய ஆல்டோ வகை. சோப்ரானோ அதனினும் சிறியது, உச்சக்குரல் உடையது. பெரும்பாலும் நேரானது, தொலைவிலிருந்து காண்பவர் நாகசுரம் என மயங்கவும் கூடும். ஆனால் சீவாளி கிடையாது, ஒற்றை நாணல்தகடுதான். பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814-இல் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ், பாரிசில் 1846 ஜூன் 28 அன்று பெற்ற காப்புரிமையில் அடங்கிய பெருங்குடும்பத்தில் இதுவும் ஓர் உறுப்பினர். கூம்புக்குழல் குட்டையாக இருப்பதால் சிறு பிழையும் செவிக்குப் பெரிதாகத் தெரியும். சுருதி சேர்த்து வாசிப்பது கடினம் என்ற பழி தொடக்கத்திலிருந்தே இதைத் தொடர்ந்து வந்தது.

முதல் உலகப்போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் சாக்ஸஃபோன் மோகம் பரவியது. இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் என்னும் சிற்றூர் அதன் தலைநகரமாயிற்று. கான் நிறுவனம் அங்கேதான் இருந்தது. அதில் பணியாற்றி வெளியேறிய புஷர் தொடங்கிய நிறுவனமும் அங்கேயே. இசைப் பயிற்சி சிறிதும் இல்லாத குடும்பங்களும் வாங்கின. பியானோவைப் போல இதுவும் கூடத்துக்கு ஓர் அணிகலன் என எண்ணப்பட்டது. 1929-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் மோகம் வடிந்தது. ஆல்டோவும் டெனரும் நடன இசைக்குழுக்களில் பிழைத்துக்கொண்டன. சோப்ரானோவுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அடகுக்கடைக்கும் பரணுக்கும் அது போனது. இன்று ‘நன்கு பாதுகாக்கப்பட்ட’ நிலையில் வெளிவருபவற்றுள் பல, அந்தப் பெட்டிகளுக்குள் உறங்கியவையே.

வாசிக்கப்படாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாங்குபவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகுக்கு ஒரே சுருதி இல்லை. அடிப்படை ஸ்வரமான ‘ஏ’ சில இடங்களில் நொடிக்கு 440 அதிர்வுகள். பல ராணுவ, ஊர்வல இசைக்குழுக்களிலோ ஏறத்தாழ 457. ஆகவே தொழிற்சாலைகள் இரு வகையும் செய்தன. கருவியின் பின்புறம் வரிசை எண்ணுக்கு அருகில் தாழ்சுருதிக்கு ‘எல்’, உயர்சுருதிக்கு ‘எச்’ எனப் பொறித்தார்கள். 1939-இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 440-ஐப் பரிந்துரைத்தது. நடைமுறையில் அதற்கு முன்பே உயர்சுருதிக் கருவிகள் அனாதைகளாகிவிட்டிருந்தன.

440-க்கும் 457-க்கும் உள்ள இடைவெளி அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு. சிறிதுதானே, ஊதுவாயைச் சற்று வெளியே இழுத்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும். முடியாது. குழலில் துளைகளின் இடங்கள் உயர்சுருதிக்கெனக் கணக்கிடப்பட்டவை. ஊதுவாயை இழுத்தால் குட்டையான குழல்நீளத்தில் எழும் ஸ்வரங்கள் மிகுதியாக இறங்கும். நீண்ட குழல்நீளத்தில் எழுபவை குறைவாகவே இறங்கும். மொத்தத்தில் கருவி தனக்குள்ளேயே சுருதி பிசகிவிடும். பூச்சு மின்னும், விசைகள் பட்டுப்போல் இயங்கும், பெட்டியின் உள்வெல்வெட்கூட நிறம் மங்கியிராது; மற்றொரு வாத்தியத்தோடு சேர்ந்து ஒரு கீர்த்தனை நேரம்கூட வாசிக்க இயலாது. விற்பவர் பொய் சொல்லவில்லை. ஓர் எழுத்தைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவே. வாங்குபவர் அந்த ஓர் எழுத்தைத்தான் முதலில் தேட வேண்டும். துளைமூடிகளின் தோல்மெத்தை உலர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மெத்தையை மாற்றலாம், துளையை மாற்ற முடியாது. பழைய உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றிப் புதிதாக்கிக் காட்டுவது இன்னொரு கொடுமை. செதுக்குச் சித்திரம் மழுங்கி, தகடு மெலிந்துபோகும். மங்கிய பழைய கருவிக்குச் சேகரிப்பாளர் கூடுதல் விலை தருவதன் நியாயம் இதுவே.

பிறர் கைவிட்ட இக்கருவியைக் கையிலெடுத்தவர்கள் இருவரை மட்டும் சொல்கிறேன். நியூ ஆர்லியன்சின் சிட்னி பெஷே கிளாரினெட் கலைஞர். 1919-இல் ஓர் இசைக்குழுவுடன் லண்டன் சென்றவர், அந்நகரில் கடையொன்றில் நேரான சோப்ரானோ ஒன்றை வாங்கினார். 1959-இல் மறையும் வரை அவரது பெயரும் அக்கருவியின் பெயரும் பிரியவில்லை. மற்றவர் ஜான் கோல்ட்ரேன். 1960 மார்ச்சில் ஐரோப்பியப் பயணத்தின்போது பாரிசில் பழம்பொருள் வணிகரிடம் வாங்கி அவருக்கு அளித்தது தானே என்று மைல்ஸ் டேவிஸ் தம் தன்வரலாற்றில் சொல்கிறார். கோல்ட்ரேன் சொன்ன கதை வேறு: 1959-இல் உடன் பயணித்த ஒருவர் அவரது காரில் மறந்துவிட்டுச் சென்ற பெட்டியைத் திறந்து வாசித்துப் பார்த்தாராம். எனக்குப் பிந்தையதே பிடித்திருக்கிறது. விலை பேசப்படாத கருவி அல்லவா. எவ்வாறாயினும் 1960 அக்டோபரில் அவர் பதிவுசெய்த ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ மறு ஆண்டு வெளிவந்தபின், பரணில் கிடந்த சோப்ரானோக்களை மக்கள் மீண்டும் இறக்கத் தொடங்கினார்கள்.

சாக்ஸ் இதையெல்லாம் காணவில்லை. காப்புரிமை வழக்குகளில் அலைக்கழிந்து மூன்று முறை திவாலானவர் அவர். மூன்றாம் முறை 1877-இல். அவ்வாண்டு டிசம்பரில், வாழ்நாள் முழுதும் திரட்டிய 400-க்கும் மேற்பட்ட இசைக்கருவிகளின் தொகுப்பு பாரிசின் ஓட்டெல் துரூவோ ஏலக்கூடத்துக்கு வந்தது. வாங்கியோருள் பாரிஸ், பிரசல்ஸ் இசைக்கல்லூரிகளின் அருங்காட்சியகங்களும் இருந்தன. ஏலம் முடிந்தபின் சாக்ஸ் இன்னும் 16 ஆண்டுகள் பாரிசிலேயே வாழ்ந்து, 1894-இல் இறந்தார்.