பெயருக்குப் பதில் சொல்வது யார்?
வீட்டு சர்வரும் விளம்பரத் தடுப்பும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

1

எங்கள் வீட்டில் டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே, இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. குடும்பப் போட்டோக்கள், ஸ்கேன் செய்த பழைய சிறுபத்திரிகைகள், பாதியில் நிற்கிற மொழிபெயர்ப்புகள் எல்லாம் அதில்தான். சேமிப்பு சர்வர் என்பார்கள்; சுருக்கமாக ‘நாஸ்’. ராத்திரி பகல் என்றில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். “சும்மாத்தானே ஓடுது, இதிலேயே விளம்பரத் தடுப்பையும் போட்டுட்டா என்ன?” என்றார் நண்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பை-ஹோல் என்கிற மென்பொருளை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலையிலிருந்து வீட்டிலுள்ள போன்கள், கணிப்பொறி, டி.வி. எல்லாவற்றிலும் விளம்பரங்கள் பெருமளவு காணாமல் போயின. எந்தக் கருவியையும் தனித்தனியாகத் தொடவில்லை.

இது எப்படிச் சாத்தியமாகிறது? ஒரு தளத்தின் பெயரை நாம் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் என்ன என்று நமது கருவி யாரிடமாவது கேட்டாக வேண்டும். பெயரை எண்ணாக்கித் தரும் இந்த ஏற்பாட்டிற்கு டி.என்.எஸ். என்று பெயர். ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் அந்தச் செய்தித்தாளின் பெயரோடு, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் விளம்பரக் கம்பெனிகள், வாசகரைப் பின்தொடரும் கம்பெனிகள் பலவற்றின் பெயர்களையும் கருவி கேட்கிறது. வழக்கமாக இக்கேள்விகள் இணைப்பு தரும் கம்பெனிக்குப் போகும். ரூட்டரில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, அவை நமது பெட்டிக்கு வரும்படி செய்துவிட்டால் போதும். பெட்டி தன்னிடமுள்ள தடைப்பட்டியலைப் பார்க்கும். பட்டியலில் இல்லாத பெயர் என்றால் வெளியே கேட்டு உண்மையான எண்ணைச் சொல்லும். இருக்கிற பெயர் என்றால் 0.0.0.0 என்று சொல்லும். அப்படி ஒரு முகவரிக்கு யாரும் போக முடியாது. ஆக, நமது பெட்டி பொய் சொல்கிறது.

இந்தப் பொய்யைப் பற்றித்தான் இங்கு பேச வேண்டியிருக்கிறது. பெயருக்குப் பதில் சொல்லும் அதிகாரம் யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது, இப்போது நமது டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே வந்து உட்கார்ந்திருப்பதன் பொருள் என்ன என்பவை நமது கேள்விகள்.

2

1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் ஓடிய அர்ப்பாநெட் வலையத்தில் பெயர்களுக்கான பட்டியல் ஒரே ஒரு கோப்பாக இருந்தது. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் தகவல் மையம் அதைப் பராமரித்தது. எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற பெண்மணி அதன் தலைவர். புதிதாக ஒரு கணிப்பொறி வலையத்தில் சேர்ந்தால் மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பட்டியலில் எழுதுவார்கள். மற்றவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலைப் படியெடுத்துக்கொள்வார்கள். ஊருக்கு ஒரு கர்ணம், அவர் கையில் ஒரு பதிவேடு என்பது மாதிரி.

வலையம் பெருத்தபோது ஒற்றைப் பதிவேட்டால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1983 நவம்பரில் தென்கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பால் மோக்கபெட்ரிஸ் முன்வைத்த மாற்றுத் திட்டம்தான் டி.என்.எஸ். ஒவ்வொரு கிளையும் தனக்குக் கீழுள்ள பெயர்களுக்குத் தானே பதில் சொல்லும். இதை அதிகாரப் பரவல் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. பரவியது வேலைதான், மரத்துக்கு உச்சியில் வேர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது, அது அமெரிக்க அரசின் மேற்பார்வையில்தான் இருந்தது. அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வர 2016 அக்டோபர் வரை ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய பதிவேடு ஒழிந்துவிடவில்லை. ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பாக இன்றும் ஒவ்வொரு கணிப்பொறிக்குள்ளும் கிடக்கிறது. பெயர் ஒன்றுக்கு எண் வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்தக் கோப்பைப் பார்த்த பிறகே கணிப்பொறி வெளியே கேட்கிறது. யாரும் பொருட்படுத்தாமல் விட்டுவைத்த இந்த எச்சத்திலிருந்துதான் எதிர்ப்பு தொடங்கியது.

3

1994 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவில் ‘ஹாட்வயர்டு’ தளத்தில் பட்டை விளம்பரங்கள் தோன்றின. அதே ஆண்டில் நெட்ஸ்கேப் கம்பெனியின் லூ மோன்டுல்லி, வந்துபோன ஆளை மறுபடி அடையாளம் காணும் ‘குக்கி’யை உருவாக்கினார். இரண்டும் இணைந்தபோது விளம்பரத்தின் குணமே மாறிற்று. சுவரொட்டி நம்மைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இது பார்த்தது, குறித்து வைத்துக்கொண்டது, அடுத்த தளத்திலும் கூடவே வந்தது.

கனடாவைச் சேர்ந்த மார்க்சியர் டல்லஸ் ஸ்மைத் 1977லேயே ஒரு கட்டுரையில் இதற்கான அடித்தளத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார். ஊடகங்கள் உற்பத்தி செய்யும் சரக்கு நிகழ்ச்சி அல்ல, பார்வையாளர்தான் என்பது அவரது வாதம். விற்கப்படுவது நாம், வாங்குவது விளம்பரதாரர். மேற்கத்திய மார்க்சியத்தின் கண்ணுக்கு இது படாமல் போனது என்று அவர் குறைபட்டுக்கொண்டார். தொலைக்காட்சிக் காலத்தில் பார்வையாளர்களை மொத்தமாகத்தான் விற்க முடிந்தது. குக்கி வந்த பிறகு சில்லறையில், ஆள் ஆளாக விற்க முடிந்தது.

எதிர்ப்பும் கூடவே பிறந்தது. விளம்பர சர்வர்களின் பெயர்களை ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி, எதிரே 127.0.0.1 என்று போட்டார்கள் சிலர். ‘நீயே உனக்குள் தேடிக்கொள்’ என்று கணிப்பொறியிடம் சொல்லும் எண் அது. அந்தப் பட்டியல்களைக் காசு வாங்காமல் பகிர்ந்துகொண்டார்கள். 2002ல் டென்மார்க்கைச் சேர்ந்த மாணவர் ஒருவர், பிரவுசருக்குள்ளேயே விளம்பரத்தை மறைக்கும் ‘ஆட்பிளாக்’கை எழுதினார். 2005ல் ரிக் பெட்னெல் ‘ஈஸிலிஸ்ட்’ என்ற பொதுப் பட்டியலைத் தொடங்கினார். 2009ல் அவர் இறந்துபோனார். பட்டியலை மற்றவர்கள் எடுத்து நடத்தினார்கள், இன்றும் நடத்துகிறார்கள்.

ஆனால் எதிர்ப்புக்கும் விலை உண்டு என்பதை மூலதனம் சீக்கிரமே கண்டுகொண்டது. ஆட்பிளாக் பிளஸ் 2011ல் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்றொரு வகையை உருவாக்கி, அவற்றை உள்ளே விட்டது. பெரிய கம்பெனிகள் அதற்குப் பணம் கட்டின. தடுப்புச் சுவர் சுங்கச்சாவடியாயிற்று. 2018 ஏப்ரலில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் இந்த வியாபாரம் சட்டப்படி சரியே என்று தீர்ப்பளித்தது.

4

பெயருக்குப் பொய்யான பதில் சொல்வது விளம்பரத்தை எதிர்ப்பவர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 2003 செப்டம்பர் 15 அன்று, ‘.காம்’, ‘.நெட்’ பெயர்களின் பதிவேட்டை நிர்வகிக்கும் வெரிசைன் கம்பெனி ஒரு காரியம் செய்தது. இல்லாத பெயரை யாராவது தவறுதலாகத் தட்டினால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்ல வேண்டியதற்குப் பதிலாக, காசு கட்டிய இணைப்புகள் உள்ள தனது சொந்தப் பக்கத்துக்கு இட்டுச் சென்றது. கர்ணமே பதிவேட்டில் தன் பெயரை எழுதிக்கொண்ட கதை. தொழில்நுட்பர்கள் கொதித்தார்கள். சில நாட்களில் இந்தப் பொய்யை முறிக்கும் மாற்றத்தை டி.என்.எஸ். மென்பொருளில் சேர்த்தார்கள். அக்டோபர் 4 அன்று வெரிசைன் பின்வாங்கியது.

அரசுகளும் இதே உத்தியைக் கைக்கொண்டன. 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரைத் தடை செய்தபோது முதலில் செய்தது டி.என்.எஸ்.ஸைப் பொய் சொல்ல வைத்ததுதான். இஸ்தான்புல் சுவர்களில் மக்கள் 8.8.8.8 என்று எழுதினார்கள். வேறொன்றுமில்லை, கூகுள் நடத்தும் பொது டி.என்.எஸ்.ஸின் எண் அது. ஒரு அரசின் பொய்யிலிருந்து தப்பிக்க, உலகின் மிகப் பெரிய விளம்பரக் கம்பெனியின் எண்ணைச் சுவரில் எழுத வேண்டியிருந்தது என்கிற முரண் கவனம் கொள்ளத்தக்கது. அந்த மாத இறுதிக்குள் அந்த எண்ணுக்குப் போகும் கேள்விகளையும் வழிமறித்து அங்கே பொய்ப் பதில் சொன்னார்கள்.

நமது நாட்டிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் தளங்கள் முடக்கப்படுகின்றன. அந்த உத்தரவை நிறைவேற்ற இணைப்புக் கம்பெனிகள் கையாளும் வழிகளில் டி.என்.எஸ். பொய்யும் ஒன்று. 2009ஆம் ஆண்டின் விதிகளில் 16ஆவது விதி, புகார்களையும் அவற்றின் மீதான நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2015ல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 69ஏ பிரிவை அப்படியே விட்டுவைத்தது.

ஆக, கம்பெனி சொன்னது, அரசு சொல்வது, நமது வீட்டுப் பெட்டி சொல்வது மூன்றும் தொழில்நுட்ப ரீதியில் ஒரே ஜாதிப் பொய்தான். அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? நோக்கத்தை வைத்துப் பிரிக்க முடியாது. நல்ல நோக்கம் இல்லாத அதிகாரம் எங்காவது உண்டா? மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. பொய் யாரிடம் சொல்லப்படுகிறதோ, அவருக்குத் தடைப்பட்டியலைப் பார்க்க முடியுமா? மாற்றச் சொல்ல முடியுமா? வேண்டாமென்றால் விலகிக்கொள்ள முடியுமா?

5

பை-ஹோல் 2014-15ல் ஜேகப் சல்மேலா என்ற அமெரிக்கரால் தொடங்கப்பட்டது. 2012ல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணிப்பொறியில் ஓடுவதற்காக எழுதப்பட்டதால் அந்தப் பெயர். 2005ல் பிரான்சைச் சேர்ந்த ஒலிவியே கோஷார்-லாபே தொடங்கிய ஃப்ரீநாஸ் போன்ற மென்பொருள்களால், வீட்டில் சேமிப்பு சர்வர் வைத்துக்கொள்வது அதற்குள் கைக்கெட்டும் காரியமாகியிருந்தது. 2013ல் டாக்கர் வந்ததும் ஒரே பெட்டிக்குள் பல வேலைகளைத் தனித்தனி அறை தடுத்தாற்போல ஓடவிட முடிந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒரு கணிப்பொறியைக் காத்தது. இதுவோ ஒரு வீட்டையே காக்கிறது.

டி.வி.க்குள் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்த நம்மால் முடியாது என்பதால் இது முக்கியமாகிறது. டி.வி. என்ன செய்யும் என்று அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை. 1.1 கோடி டி.வி.களில் மக்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை ஒப்புதலின்றிச் சேகரித்ததாக எழுந்த குற்றச்சாட்டில், விஸியோ கம்பெனி 2017ல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

எதிர்த் தரப்பும் சும்மா இருக்கவில்லை. விளம்பரத்தையும் வீடியோவையும் ஒரே பெயரிலிருந்து அனுப்பினால் டி.என்.எஸ். தடுப்பு செல்லாது. யூடியூப் விளம்பரங்கள் இதில் தப்பிவிடுவது அதனால்தான். வேவு பார்க்கும் சர்வருக்குச் செய்தித்தாளின் கிளைப் பெயரையே சூட்டும் தந்திரம் 2019ல் பிரான்சில் அம்பலமானது. 2020 மே மாதம் வந்த பை-ஹோல் 5.0 அந்த முகமூடியை விலக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டது. சில கருவிகள் ரூட்டர் சொல்வதைக் கேட்பதே இல்லை, நேரே 8.8.8.8க்குப் போய்விடுகின்றன.

2018 அக்டோபரில் வரையறுக்கப்பட்ட, கேள்வியை மறைத்து அனுப்பும் டி.என்.எஸ். முறைதான் இதில் பெரிய சிக்கல். அரசும் இணைப்புக் கம்பெனியும் ஒட்டுக்கேட்க முடியாதபடி அது நமது கேள்விகளைக் காக்கிறது. செயல்பாட்டாளர்களுக்கு அது வேண்டும். டி.வி. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தன் கம்பெனியோடு பேசவும் அதுவே உதவுகிறது. ஒட்டுக்கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே ஒரு கருவியின் அரசியல் அமைகிறது; அதை விற்பனைப் பெட்டியிலேயே அச்சடித்துத் தந்துவிட முடியாது.

அப்புறம், இதெல்லாம் யாருக்கு? வீடு, பிராட்பேண்ட், சர்வர் மூன்றும் உள்ளவர்களுக்குத்தான். நம் நாட்டில் இணையத்துக்கு வருபவர்களில் பெரும்பான்மையோர் போனில் ரீசார்ஜ் செய்து வருகிறார்கள். தங்கள் கைக்காசில் வாங்கிய டேட்டாவில்தான் விளம்பரத்தையும் இறக்கிக்கொள்கிறார்கள். வீட்டுச் சுவருக்குள் கிடைக்கும் விடுதலையை விடுதலை என்று பெரிதாகப் பேசக் கூசுகிறது.

6

இனி எனது வீட்டுக்கே வருகிறேன். பெட்டி வந்து மூன்றாவது வாரம், பெரியவள் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தாள். பணம் கட்டும் பக்கம் திறக்கவில்லை. எந்தப் பெயர் தடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கப் பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, எந்தப் பெயரைக் கேட்டது என்று வரிவரியாக இருந்தது. அவளது போனின் பெயரும் இருந்தது. முந்தின இரவு ஒரு மணிக்கு அவள் மனநல ஆலோசனைத் தளம் ஒன்றுக்குப் போயிருக்கிறாள். இருவரும் ஒரே நேரத்தில் அதைப் படித்தோம்.

“இதை டெய்லி பார்ப்பீங்களாப்பா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றேன். தினமும் இல்லை என்பது மட்டும் உண்மை.

ஃபூக்கோவை மேற்கோள் காட்டிப் பல கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். மையக் கோபுரம், பார்க்கப்படாமல் பார்ப்பவன் என்றெல்லாம். அந்தக் கோபுரத்தை டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே கட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான்தான். விளம்பரக் கம்பெனிகளை வெளியே நிறுத்திய அதே ஏற்பாடு, குடும்பத்தின் கேள்விகளையெல்லாம் குடும்பத் தலைவன் காலடியில் கொண்டுவந்து கொட்டியது. மூன்று கேள்விகளையும் எனக்கே போட்டுப் பார்த்தேன். பட்டியலை அவர்கள் பார்க்க முடியவில்லை. மாற்றச் சொல்ல வழியில்லை. அப்படி ஒன்று ஓடுகிறது என்பதையே நான் யாரிடமும் சரியாகச் சொல்லியிருக்கவில்லை, அப்புறம் விலகுவது எங்கே?

அந்த மென்பொருளில் அந்தரங்கத்துக்கு நான்கு படிநிலைகள் உண்டு. கடைசிப் படியில் யார் கேட்டது, என்ன கேட்டது எதுவும் பதிவாகாது. மொத்த எண்ணிக்கை மட்டும் தெரியும். அதற்கு மாற்றினேன். பழைய பதிவுகளை அழித்தேன். பாஸ்வேர்டைச் சமையலறைக் காலண்டரில் என் மனைவி எழுதி வைத்தார். இப்போது ஏதாவது திறக்கவில்லையென்றால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை விடுவிக்கிறார்கள். எந்தப் பெயர் தடுக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பது முன்னைவிடச் சிரமமாகிவிட்டது. இருக்கட்டும்.

பெரியவள் தன் போனைப் பெட்டியிலிருந்து விலக்கிக்கொண்டாள். “எனக்கு விளம்பரம் வந்தாப் பரவாயில்லப்பா” என்றாள். அந்த இரவைப் பற்றி நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளாகவே சொன்னாள்.