இருபத்துநான்கு மணி நேர மாற்றம் (தரவுத்தளம்)

0000 முதல் 2359 வரை எழுதப்படும் இராணுவ நேரத்தை மு.ப., பி.ப. குறியுடைய 12 மணி நேரமாகத் தரவுத்தளத்தில் மாற்றிக் காட்டும் செயல்முறை. கணினியியலில் இது வடிவமாற்ற வகையைச் சேர்ந்தது.

மணி 13 முதல் 23 வரை இருப்பின் 12 கழிக்கப்படும்; 1740 என்பது பி.ப. 5.40. 0 மணி மு.ப. 12 ஆகும்; 12 மணி கழிக்கப்படாமலே பி.ப. குறி பெறும். பிழைகள் பெரும்பாலும் இவ்விரு இடங்களில்தான் நேர்கின்றன. வெறும் எண்ணாகச் சேமித்தால் முன்சுழியங்கள் மறைந்து 0005 என்பது 5 ஆகிவிடும். 12 மணி நேரத்தை எழுத்துச் சரமாகச் சேமித்தால் வரிசை குலையும். எனவே நேரத்துக்குரிய தரவு வகையில் சேமித்து, காட்டும்போது மட்டும் மாற்றுவதே தக்க முறை.

மலேசியாவில் மு.ப., பி.ப. குறிகளுக்கு மலாயில் பாகி, பெத்தாங் என்பவற்றின் சுருக்கங்கள் வழங்குகின்றன.

வடிவமாற்றம் நேர வலயத்தை மாற்றுவதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பழைய பதிவுகளைக் கணினியேற்றுவோர் கவனிக்க வேண்டியது இதுவே. பேராக் உள்ளிட்ட மலேசியத் தீபகற்பத்தின் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு முன்னதாக 1905 முதல் 7 மணி, 1933 முதல் 7.20, 1941 செப்டம்பர் முதல் 7.30 என இருந்தது. ஜப்பானிய ஆட்சியில் தோக்கியோ நேரம் (9 மணி) நடைமுறையிலிருந்தது. 1945இல் மீண்டும் 7.30 ஆனது. 1982 ஜனவரி 1 முதல் 8 மணி. ஆகவே பேராக்கின் ஈப்போ நகரிலோ ரப்பர் தோட்டங்களிலோ 1981இல் பதிவான பிறப்பு நேரத்துக்கு ஜாதகம் கணிக்கும் செயலி 7.30 வேறுபாட்டையே கொள்ள வேண்டும்.