வீட்டுப் பணியாளரை விளிக்கும் முறை (திருப்பூர் வட்டாரம்)

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம் பகுதிகளில் சமையல், பாத்திரம் துலக்குதல், குழந்தை பார்த்தல், முதியோர் கவனிப்பு ஆகிய வேலைகளுக்கு வருவோரை வீட்டார் அழைக்கும் முறை, கொங்குத் தமிழின் மரியாதை வழக்கைச் சார்ந்தது. மரியாதை மூன்று இடங்களில் தெரியும்: கூப்பிடும் முறைப்பெயர், வினையின் முடிவு, ஆள் இல்லாதபோது அவரைக் குறிப்பிடும் விதம். முறைப்பெயர் இன்று பரவலாகிவிட்டது. மற்ற இரண்டும் எல்லா வீடுகளிலும் அதற்கு ஈடாக வளரவில்லை.

பின்னணி

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் அருந்ததியரான பண்ணையாட்கள், நிலக்காரரைச் ‘சாமி’, ‘பண்ணாடி’ என்று அழைத்தனர். நிலக்காரர் வீட்டுச் சிறுவர்கூட மூத்த பண்ணையாளைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டனர். ஆடு மேய்க்கப் பண்ணையத்தில் விடப்பட்ட சிறுவனின் கதையான பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) இந்த உலகைச் சித்திரிக்கிறது.

பனியன் தொழில் வளர்ந்தபின் தோட்ட வேலையை விட்டுப் பலர் கம்பெனிக்குப் போனார்கள். அங்கே கட்டிங் மாஸ்டர், டெய்லர், செக்கிங், கைமடி என எவரையும் ‘அண்ணா’, ‘அக்கா’ என்பதே வழக்கம். சனிக்கிழமை சம்பளம் தரும் வேலை பக்கத்திலேயே இருப்பதால், மதிக்காத வீட்டை விட்டு விலகுவதும் முன்பைவிட எளிதானது.

முறைப்பெயர்கள்

மூத்த பெண்ணை ‘அக்கா’, வயதானவரை ‘அம்மா’ அல்லது ‘பாட்டி’, இளையவரை ‘அம்மிணி’, ‘கண்ணு’ என்பார்கள். ஓட்டுநர், தோட்டக்காரர் ‘அண்ணா’ ஆவர். ஐம்பது வயதுப் பணியாளரும் முப்பது வயது வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் ‘அக்கா’ என்று அழைப்பதும் உண்டு. அங்கே அச்சொல் வயதைக் குறிப்பதில்லை, இருபுறமும் காட்டும் மதிப்பைக் குறிக்கிறது. குழந்தைகள் பெயரோடு முறையையும் சேர்த்துச் சொல்லப் பழக்கப்படுகிறார்கள்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களிடம் ‘பையா’, ‘தீதி’ ஆகிய சொற்களும் புழங்குகின்றன. எல்லோரையும் ‘இந்திக்காரங்க’ என ஒரே பெயரில் அடக்குவதையும் ‘வடக்கன்’ என்பதையும் மரியாதையாகக் கொள்ள முடியாது.

வினைமுடிவும் படர்க்கையும்

கொங்கு வழக்கில் ‘ங்க’ இல்லாத பேச்சு மொட்டையாக ஒலிக்கும்: ‘ஏனுங்க’, ‘சரிங்க்கா’, ‘சொல்லுங்ணா’. ‘அக்கா, டீ குடிச்சுட்டுப் போங்க’ என்பதற்கும் ‘அக்கா, டீ குடிச்சுட்டுப் போ’ என்பதற்கும் உள்ள தூரம் கேட்பவருக்கு உடனே புரியும். ஆனால் நெடுநாள் நெருக்கத்தில் ‘போ’ உரிமையாகவும் இருக்கலாம். பணியாளரும் பதிலுக்கு அப்படியே பேச முடிகிறதா என்பதே அதற்கு அளவுகோல்.

படர்க்கையிலும் இதே நிலைதான். ‘அந்தக்கா வந்துச்சு’ என்பது சொந்த அக்காளைப் பற்றியும் சொல்லப்படுவதால் இழிவல்ல. நேரில் ‘அக்கா’ என்றுவிட்டுப் பக்கத்து வீட்டில் ‘வேலைக்காரி வரலை’ என்பதுதான் உறுத்துகிறது. முறைப்பெயர் சொல்லியும் தனித் தம்ளர் வைக்கும் வீட்டில், சாதி விலக்கம் அப்படியே நீடிக்கிறது.

சட்டமும் அமைப்பும்

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கான தனி நல வாரியம் 2007இல், உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் (1982) கீழ் அமைந்தது. 14 வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலைக்கு வைப்பதற்கான தடை 10 அக்டோபர் 2006 முதல் நடைமுறைக்கு வந்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) வேலை செய்யும் வீட்டையும் பணியிடமாகக் கொள்கிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 16 ஜூன் 2011 அன்று வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை ஏற்றது. வீட்டுப் பணியாளர் நாள் அத்தேதியிலேயே கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியா இவ்வுடன்படிக்கைக்கு ஒப்புதல் அளிக்கவில்லை. விளிக்கும் சொல்லை இவற்றில் எதுவும் வரையறுப்பதில்லை. எனினும் வாரியத்தின் பெயரிலேயே ‘பணியாளர்’ என்று இருப்பதால், அரசு ஆவணங்களிலும் செய்திகளிலும் ‘வேலைக்காரர்’ என்பதற்கு மாற்றாக அச்சொல் வேரூன்றி வருகிறது.